நான்காம் எண் சீட்டு

முவைலா, ஷார்ஜா
12 அக்டோபர் 2025

தம்பி வைரவனுக்கு, செய்கு முகம்மது எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் முகம்மது ரிபாய். எங்கள் காயல்பட்டினத்துக்காரர். ஷார்ஜாவில் அத்தர் வாங்கி குவைத்தில் விற்பவர். ஃபஹாஹீலில் நீ வேலை பார்க்கும் பகாலா மளிகைக் கடைக்கும் அவர்தான் அத்தர் போடுகிறார் என்று போன வாரம் பேச்சுவாக்கில் தெரிந்தது. எட்டு மாதமாக உன் நம்பருக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பதிலையும் அவர் கையிலேயே கொடு. வாட்ஸப்பில் ஒரு வரிகூட வேண்டாம். ஒரு வாய்ஸ் மெசேஜால் வேலையைத் தொலைத்தவர்களுக்கு என் டைப்பிங் சென்டரில் நானே மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். காகிதம் நல்லது. படித்ததும் கிழித்துவிடலாம்.

சங்கம் இந்த வருடமும் நடக்கிறது. ஊரில் என் மச்சான் இன்னும், "என்ன மச்சான், அங்க பிள்ளைங்களுக்கு ஜல்லிக்கட்டு நடத்துறீங்களாமே" என்றுதான் கேட்கிறார். இளையோர் ரோடியோ சங்கம் என்று பெயர் வைத்த அந்த அமெரிக்கப் பொறியாளர் பெயரை மட்டும் நமக்கு விட்டுவிட்டு டெக்ஸஸுக்குப் போய்விட்டார். இங்கே காளையும் இல்லை, கயிறு வீசுவதும் இல்லை. நம் அரபு முதலாளி அர்பாபின் ஒன்பது குதிரைகள், மணலில் மூன்று டிரம், அதைச் சுற்றி ஓட்டும் பிள்ளைகள், அவ்வளவுதான் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரிப் போட்டியில் ராதிகா குதிரையிலிருந்து விழுந்த பிறகு பெற்றோர்கள் பயந்துவிட்டார்கள். தலைவர் அன்பரசன் சார் என்னைக் கூப்பிட்டு, "செயலாளரே, விதிப் புத்தகத்தை முதலிலிருந்து எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட், பெற்றோர் கையெழுத்து, டாக்டர் கடிதம், குலுக்கல், புகார் என்று இருபத்திரண்டு விதிகள் ஆகிவிட்டன. லாயப் பதிவேடு பற்றிய விதியில் வந்து பேனா நிற்கிறது. அன்று காலை, ராதிகா ஏறிய நஜ்மா குதிரையின் பெயருக்கு எதிரே, குதிரைக்காரனாக இருந்த உன் கையெழுத்தில் "நலம்" என்று இருக்கிறது. அது நலமாகத்தான் இருந்ததா? நீ யாரிடமாவது ஏதாவது சொல்லியிருந்தாயா? உனக்கு நினைவிருப்பதை நாலு வரி எழுது.

நவம்பர் 22 அன்று இந்த சீசனின் முதல் போட்டி. வழக்கம்போல் அன்று காலையில்தான் யாருக்கு எந்தக் குதிரை என்ற குலுக்கல். நஜ்மா இந்த வருடமும் பட்டியலில் இருக்கிறது. அதே நான்காம் எண்.

ஆபிதா உன்னை விசாரித்தாள். மகள் ஹிஃப்ஸாவுக்குப் பன்னிரண்டு முடிந்து உம்மாவின் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

அன்புடன்
செய்கு முகம்மது


ஃபஹாஹீல், குவைத்
24 அக்டோபர் 2025

மரியாதைக்குரிய பாய் அவர்களுக்கு, வைரவன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். நலம் என்று எழுதலாம்தான். ஏற்கெனவே ஒருமுறை அந்த வார்த்தையை எழுதிப் பட்டது போதும்.

அந்த விபத்துக்குப் பிறகு என்னை ஏன் இங்கே அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் விசாவை அடித்ததே நீங்கள்தான். எனக்கு விசா கொடுத்த இந்தக் கடையின் கஃபீல் நம் அர்பாபுடைய தங்கை புருஷன். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே இவருக்குக் கேட்கும். இளையான்குடிப் பக்கம் எனக்கு இரண்டு தங்கைகள், ஒரு அம்மா. நான் தண்ணீர் கேன் தூக்குகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. இதுவும் போய்விட்டால் எங்கே போவேன்?

அதனால் பாய், நஜ்மா நல்ல குதிரை. எனக்கு வேறெதுவும் தெரியாது. யாரிடமும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? இப்போது அவளுக்கு யார் தீனி வைக்கிறார்கள்? யாராக இருந்தாலும் வலது பக்கமாகப் போகச் சொல்லுங்கள். குரல் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பேரீச்சம்பழம் கொடுத்தால் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு
வைரவன்


முவைலா
31 அக்டோபர் 2025

தம்பி வைரவனுக்கு,

மூன்று பத்தி ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டு நான்காவது பத்தியில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கொஞ்சமாவது சோறு வேண்டாமா?

வலது பக்கமாக என்று ஏன் எழுதினாய்? நேற்று லாயத்துக்குப் போனேன். இப்போது பார்த்துக்கொள்பவர் அஸ்கர் அலி, பெஷாவர்க்காரர். நான் நஜ்மாவின் இடது பக்கம் போய் நின்றேன். அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிக் கழுத்தைத் தொட்டேன். வைரவா, அது துள்ளிய துள்ளலில் மரத்தடுப்பு பிளந்துவிட்டது. அஸ்கர் அலி ஓடிவந்து, "பாய், யே ஐஸி ஹீ ஹை, டர்த்தி ஹை" என்றார். இது இப்படித்தானாம், பயந்த சுபாவமாம். அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதன் இடது கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு இருப்பதை அவர் வெயிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அவரைத் திருத்தவில்லை.

இன்னும் இருக்கிறது. ராதிகாவின் விண்ணப்பம் வந்துவிட்டது. அவள் திரும்பவும் ஓட்டப்போகிறாள். அம்மா ஜோதிமணி நேரிலேயே என் கடைக்கு வந்தார். நர்ஸ் இல்லையா, டாக்டர் கடிதம், எக்ஸ்ரே எல்லாம் ஒழுங்காக ஃபைலில் வைத்திருந்தார். "எனக்கு விருப்பமே இல்லண்ணா. இவ அப்பா ஜுபைல்லேருந்து போன்லயே சரின்னுட்டார். அவ ஒரே பிடிவாதம். என் தப்பை நாந்தான் சரி பண்ணணும்ங்கிறா" என்றார். பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்றது. இடது கை முழங்கையில் இன்னும் முழுதாக நீளவில்லை. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்த பிள்ளை. என்னைப் பார்த்து, "அங்கிள், இந்தத் தடவை கயிறை விடவே மாட்டேன்" என்றது.

அவள் கயிற்றை விட்டதாக அறிக்கையில் இருக்கிறதே, அது நான் அடித்தது. "சவாரி செய்த சிறுமி கடிவாள வாரைக் கைவிட்டதால் விபத்து நேர்ந்தது." ஒரே வரி. பதினொரு வயதுப் பிள்ளை அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

நீ அன்றே பதிவேட்டில் எழுதியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. குதிரையின் குறை தெரிந்தும் எழுதாத குதிரைக்காரன் பொறுப்பு என்பது பழைய விதியிலும் இருக்கிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க என்னைக் கூப்பிடாதே. நீ எழுதவில்லையானால் அதையே நான் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கும். யோசித்துக்கொள்.

செய்கு முகம்மது


ஃபஹாஹீல்
7 நவம்பர் 2025

பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், பயத்தில் எழுத்து கோணிப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதவில்லை என்பது உண்மை. ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்களா? பதிவேட்டை வாரம் ஒருமுறை அர்பாப் வாங்கிப் பார்ப்பார். கண் போன குதிரையை யார் வைத்திருப்பார்கள்? நஜ்மாவுக்கு முன்னால் கால் போன ஒரு கிழக் குதிரை இருந்தது. ஒரு நாள் வண்டி வந்தது, ஏற்றிப் போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு "கலாஸ்", முடிந்தது என்றார்கள். அவ்வளவுதான். அவளையும் அப்படி ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை. அது என் தப்பு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வாயால் சொன்னேன் பாய். பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் பிள்ளைகளின் எண் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். "பாய், நஜ்மாவுக்கு இடது கண்ணு மங்கிருச்சு. மொத டிரம்மு வலது பக்கம் திரும்புறது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது இடது பக்கம். டிரம்மு திடீர்னு முன்னால வந்த மாதிரி இருக்கும், மெரண்டுரும். இன்னைக்கு வேணாம்" என்று சொன்னேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுகிறேன். "அர்பாப் ஆளுங்களோட வந்து உக்காந்திருக்காரு வைரவா. இப்போ போய் ஒரு குதிரை குறையுதுன்னு எப்படிச் சொல்றது? இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும்." பிறகு இரண்டு அட்டையை அடுக்கினீர்கள். அப்புறம், "ஹிஃப்ஸாவுக்கு மட்டும் அது வராமப் பாத்துக்க" என்றீர்கள்.

பார்த்துக்கொண்டேன். குலுக்கல் பாத்திரம் எப்போதும் குதிரைக்காரன் கையில்தானே. எட்டுச் சீட்டை உள்ளே போட்டேன். நான்காம் எண் சீட்டு என் பெருவிரலுக்கு அடியில் இருந்தது. ஐந்து பிள்ளைகள் எடுத்தார்கள். ஆறாவது ஹிஃப்ஸா எடுத்தாள். அவள் நகர்ந்ததும் விரலைத் தளர்த்தினேன். அடுத்தது ராதிகா. சீட்டு மேலாகக் கிடந்தது. அவள் துழாவவில்லை, மேலே இருந்ததை எடுத்தாள். "நஜ்மா" என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் குதிரைதான் பிடிக்கும்.

அவள் கயிற்றை விடவில்லை பாய். குதிரை திரும்பிய வேகத்தில் கயிறு கையை அறுத்துக்கொண்டு போனது. உள்ளங்கையைப் பார்த்தேன், நான்தானே முதலில் தூக்கினேன்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நாம் செய்தது அதற்கு நேர்மாறு. நாம் என்றுதான் எழுதுகிறேன், நீங்கள் என்று மட்டும் எழுதவில்லை.

குழுவுக்கு எழுதுவதாக இருந்தால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

வைரவன்


முவைலா
12 நவம்பர் 2025

வைரவா,

உன் கடிதத்தைக் கிழித்து, சமையலறைத் தொட்டியில் எரித்து, சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். "என்ன கருகுது" என்று ஆபிதா கேட்டாள். டோஸ்ட் என்றேன். அவள் ரொட்டி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் எதையும் மறக்கவில்லை. முதல் கடிதத்தில், யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேனே, அது விதிப் புத்தகத்துக்காக இல்லை. உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கத்தான். நினைவில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி வந்தது தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டாவது கடிதத்தில் உன்னை மிரட்டியது அதைவிடக் கேவலம்.

ஆனால் யோசித்துப் பார். அன்று நான் சொன்னது நாலே வாக்கியம். எந்தத் தகப்பனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். இல்லையா? யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால் யாரைக் கேட்பது? இது வெளியே வந்தால் அன்பரசன் சார் என்னை நிற்க வைத்துக் கேட்பார். ராதிகாவின் அப்பா மணிமாறன் சவூதி ஜுபைலிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். முவைலாவில் பாதிக் குடும்பங்களுக்கு விசா அடிப்பவன் நான், நாளைக்கு எவன் என் கடைப் படியேறுவான்? அர்பாப் உன்னை விடுவாரா? நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நானும் பயப்படுகிறேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். புது விதிப்படி சீட்டுகளைப் போடுவது நான்தான். 22ஆம் தேதி நான்காம் எண் சீட்டைப் பாத்திரத்தில் போடமாட்டேன். இந்த முறை எட்டுப் பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள், எட்டுச் சீட்டு போதும். நஜ்மாவின் பெயர் யாருக்கும் வராது. குதிரைக்கும் ஆபத்தில்லை, பிள்ளைக்கும் ஆபத்தில்லை. அடுத்த போட்டிக்கு அடுத்த யோசனை. சரிதானே?

உன் பதில் சரி என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

செய்கு முகம்மது

பின்குறிப்பு: பேரீச்சம்பழக் கொட்டையை எடுக்கச் சொல்லி அஸ்கர் அலியிடம் சொல்லிவிட்டேன்.


ஃபஹாஹீல்
17 நவம்பர் 2025

பாய்,

சரி இல்லை.

போன சீசனில் சீட்டு என் விரலுக்கு அடியில் இருந்தது. இந்த சீசனில் உங்கள் சட்டைப் பையில் இருக்கப்போகிறது. அடுத்த போட்டி டிசம்பரில். அதற்கடுத்தது ஜனவரியில். ஒரு நாள் உங்களுக்குக் காய்ச்சல் வரும், வேறு யாராவது பாத்திரத்தைப் பிடிப்பார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உங்கள் முந்தைய கடிதத்தில் அந்த வரியைப் படித்ததிலிருந்து தண்ணீர் கேன் தூக்கும்போதும் அதே நினைவுதான். இந்தத் தடவை கயிறை விடவே மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொன்னதாக எழுதினீர்களே. பாய், நீங்கள் குதிரையோடு பழகியவர் இல்லை, அதனால் சொல்கிறேன். மிரண்ட குதிரையில் கயிற்றை விட்டவர்கள் தூரப் போய் விழுவார்கள், எலும்பு முறியும். விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் குதிரையோடு விழுவார்கள். குதிரை மேலே விழும். போன முறை அவள் பிழைத்ததே கயிறு கையைவிட்டுப் போனதால்தான். அவளுக்கு நாம் தப்புப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நஜ்மா இல்லாவிட்டாலும் வேறு எந்தக் குதிரையில் ஏறினாலும் அந்தப் பிள்ளை பிடியை விடாது. அவள் தப்பு இல்லை என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதிய புது விதிகளை ரிபாய் காக்கா காட்டினார். புகார் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும், வந்தால் பெற்றோர் முன்னிலையில் ஒரு வரியும் விடாமல் செயலாளர் வாசிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல விதி. இத்துடன் தனித் தாளில் என் புகார் இருக்கிறது. போன கடிதத்தில் எழுதிய அதே விஷயம், தண்ணீர்த் தொட்டியில் பேசியதிலிருந்து பெருவிரல் வரை. என் தப்பு முதலில், உங்களுடையது அதற்கடுத்து. கடை முகவரியும் முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு தாள் வீணாயிற்று.

நீங்கள் இதையும் எரித்துவிடலாம். என்னிடம் நகல் இல்லை, எடுக்கவும் தோன்றவில்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை பாய். என் அப்பா செத்தபோது டிக்கெட் போட்டு ஏற்றிவிட்டது நீங்கள்தான்.

வைரவன்


முவைலா
23 நவம்பர் 2025

தம்பி வைரவனுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

ரிபாய் காக்கா உன் கவரைக் காலை ஏழரைக்கு மைதானத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தேன். புகார்த் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதே பையில்தான் நான்காம் எண் சீட்டும் இருந்தது. எரிக்கலாமா என்று நினைத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி இல்லை என்பதுகூட ஒரு காரணம்தான்.

பெற்றோர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அர்பாப் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜோதிமணி ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து எனக்கும் ஒரு கப் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் வைத்தேன். ராதிகா இரண்டு கையிலும் புதுக் கையுறை போட்டிருந்தாள். பிடி வழுக்காமல் இருக்கவாம்.

குலுக்கலுக்கு முன்னால் அன்பரசன் சார் பாத்திரத்தை வாங்கி மேசையில் கவிழ்த்தார். பெற்றோர் முன்னிலையில் சீட்டுகளை உரக்க எண்ண வேண்டும், குதிரைகளும் சீட்டுகளும் சரியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் விதி. யார் எழுதியது என்று கேட்காதே. இருபத்திரண்டு விதி எழுதிய கையில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே நினைவில்லாமல் போயிற்று. "ஒன்று, இரண்டு" என்று எண்ணி எட்டில் நிறுத்தினார். "செயலாளரே, குதிரை ஒன்பது இருக்கு. சீட்டு ஒண்ணு குறையுதே" என்றார்.

எல்லாரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். காற்றில் பறந்திருக்கும் என்றார் ஒருவர். ஜோதிமணி நாற்காலிகளை நகர்த்திப் பார்த்தார். ஹிஃப்ஸாவும் ராதிகாவும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். என் மகளின் தலை என் முழங்காலில் இடித்தது. "வாப்பா, காலை எடுங்க" என்றாள்.

அந்த நேரத்தில் சீட்டை எடுத்து, இதோ கிடக்கிறது என்று போட்டிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். போட்டால் அது யார் கைக்காவது போகும். போடாவிட்டால் வேறொரு சீட்டை எழுதிப் போட்டிருப்பார்கள். எட்டுப் பிள்ளைகளும் அங்கேயே நின்றார்கள். எட்டுப் பேரின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தேன். பைக்குள் கையை விட்டு இரண்டையும் சேர்த்து எடுத்தேன். சீட்டை மேசையில் வைத்தேன். உன் புகாரை விரித்தேன்.

ஒரு வரியும் விடாமல் வாசித்தேன் வைரவா. "ஹிஃப்ஸாவுக்கு மட்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். முடித்தபிறகு ராதிகாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்டாள். "அப்போ நான் விடலையாம்மா?" ஜோதிமணி அவள் கையுறைகளைக் கழற்றினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஊற்றிய டீ கப்பை எடுத்து மணலில் கொட்டிவிட்டுப் போனார்.

போட்டி ரத்து. கால்நடை டாக்டர் வந்து நஜ்மாவைப் பார்த்தார், இடது கண்ணில் பார்வை முழுதாகப் போயிருக்கிறது. அர்பாப் ஒரு மணி நேரம் கத்தினார். பிறகு, குட்டி போடக் கண் எதற்கு என்று அவராகவே சொல்லி அதை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அதை எழுத்தில் வாங்கி அன்பரசன் சார் கையில் கொடுத்தேன். செயலாளராக நான் செய்த கடைசி வேலை அது. பழைய அறிக்கையைத் திருத்தி, என் கையெழுத்தோடு மணிமாறனுக்கு ஜுபைலுக்கு அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் போன் செய்யவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவரா என்று எடுத்துப் பார்க்கிறேன்.

உன் பெயரை மறைக்க முடியவில்லை. மறைத்தால் விதியை மறுபடி மீறியதாகும். அர்பாப் உன் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என்ன செய்வார் என்று தெரியாது. உன்னை அவர் ஏதாவது செய்தால் லேபர் ஆபீசுக்கு மனு அடிக்க ஒருவன் இருக்கிறான் என்பதை மட்டும் மறந்துவிடாதே. அதற்கு என்னைவிட நல்ல ஆள் இந்த ஊரில் கிடையாது.

இனி ஒன்றுதான் பாக்கி. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஹிஃப்ஸா பின் சீட்டில் உட்கார்ந்தாள். எப்போதும் முன்னால்தான் உட்காருவாள். அவள் என்னிடம் தமிழில் பேசுவதே அபூர்வம், எதுவானாலும் இங்கிலீஷ்தான். நேற்று முவைலா சிக்னலில் நின்றபோது மெதுவாகத் தமிழில் கேட்டாள். "எனக்கு வராம நீங்க பாத்துக்கிட்டீங்க. ராதிகாவுக்கு வராம யாரு பாத்துக்கிட்டா வாப்பா?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். காலையில் அவள் சாப்பிடும் மேசைக்கு நான் போகவில்லை, கடைக்கு வந்துவிட்டேன். வைரவா, அர்பாபுக்குப் பயப்பட்டேன், மணிமாறனுக்குப் பயப்பட்டேன். இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவளுக்கு என்ன சொல்லலாம் என்று உனக்குத் தோன்றினால் எழுது. ரிபாய் காக்காவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தபாலிலேயே போடு, வீட்டு முகவரிக்கு. யார் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

செய்கு முகம்மது